கண்ணாடிப் பெரணி இருந்த பாறை

ஜூன் 6

என் செல்லப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சேதி. உன் அண்ணன் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். இனிமேல் எண்ணெய்க் கறையோடு நிற்க வேண்டியதில்லை, நிற்கிறவர்களை அதட்டினால் போதுமாம். உன் அத்தை மகள் பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, முதன்முதலாக என் கடைவாய்ப் பல்லைத்தான் பிடுங்கினாள். துளிக்கூட வலிக்கவில்லை என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். வலித்தது, அது நமக்குள் இருக்கட்டும். உன் சித்தப்பா மகன், அந்தக் குட்டி வால், நீளம் தாண்டுவதில் பள்ளிக்கூடத்துக்கே முதலாக வந்து கோப்பை வாங்கினான். தகரக் கோப்பைதான். அலமாரியில் வைத்தால் வெள்ளி மாதிரிதான் நிற்கிறது.

எல்லாருக்கும் மேலே நீ. உன் போட்டோ வந்தது. பாறை மேல் நிற்கிறாய். பின்னால் தண்ணீர் கொட்டுகிறது. பாறை நடுவில் பிளந்து இரண்டு கதவைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது. ஓரத்தில் இரும்புப் பாலத்தின் கைப்பிடி. பாறை முழுக்க ஈரத் துணியைக் காயப் போட்ட மாதிரி பச்சையாகத் தொங்குகிறதே, அதுதானே நீ காப்பாற்றுகிற பெரணி? பூ இல்லை, காய் இல்லை, வாசம் இல்லை என்று எழுதியிருந்தாய். அப்படிப்பட்டதற்கு சம்பளம் கொடுத்து உன்னையும் ஒரு காவலாளியையும் வைத்திருக்கிறார்கள் என்றால் அது லேசுப்பட்டதாக இருக்காது.

எதிர்வீட்டு வக்கீலம்மா, "என்ன பாட்டி, உங்க பேத்திக்குச் செடிக்கு ஆயா வேலையா?" என்று கேட்டார். "ஆமாம்மா. உலகத்திலேயே அந்தச் செடி ஒரே ஒரு பாறையிலதான் இருக்கு. வக்கீலுங்கதான் தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

படத்தை வீட்டுக்குள் மட்டும் வையுங்கள் என்று எழுதியிருந்தாய். உன் கூச்சம் எனக்குத் தெரியாதா? பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டால் தூணுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. உனக்காகப் பாட்டியும் கூச்சப்பட வேண்டுமா என்ன? கடைத்தெரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டேன். ஸ்டூடியோக்காரர் ஒரு காப்பி அவர் கடைக் கண்ணாடிக்குள் வைக்கட்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்பேனா? கல்யாண ஜோடிகளுக்கு நடுவில் நீ நிற்கிறாய்.

என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முறைக்கிறது. மற்றபடி குறையில்லை. உன் இருமல் போனதா, அட்டை கடித்த இடம் ஆறியதா என்று எழுது. உன் பதில் வருகிற வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,

பாட்டி

*

ஜூன் 17

கண்ணு,

உடம்பு சுகந்தானே? நாங்கள் நன்றாக இருக்கிறோம். உன் பதில் வருவதற்குள் இன்னொன்று எழுதுகிறேன், வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

உன்னைப் பார்க்க, அதாவது உன் படத்தைப் பார்க்க, ஒரு பெரிய மனிதர் வீடு தேடி வந்தார். ஸ்டூடியோக் கண்ணாடியில் பார்த்தாராம். செடி ஆராய்ச்சி செய்கிறவராம். இஸ்திரி போட்ட சட்டை, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. "இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்தவங்களைப் பாக்காம போக மனசு வரலைம்மா" என்றார்.

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னேன். உன் அப்பாவாக இருந்தால் பாதியில் எழுந்து குளிக்கப் போய்விடுவான். இவர் அசையவில்லை. கப்பல் எத்தனை அடுக்கு என்று கேட்டார். தகரக் கோப்பையைக் கையில் வாங்கிப் பார்த்தார். இந்த வயதில் என் பேச்சை இவ்வளவு பொறுமையாக யார் கேட்டிருக்கிறார்கள், சொல்லு?

அப்புறம் சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து உன் படத்தைப் பார்த்தார். உன்னை விட்டுவிட்டுப் பாறையையே பார்த்தார்.

"இங்கெல்லாம் பஸ் போகுமாம்மா?"

"கடைசி ஸ்டாப்பு வரைக்கும் பஸ். அங்கிருந்து ஜீப். அந்த இரும்புப் பாலத்தைத் தாண்டாம இடது பக்கம் ஓடையோடயே ஏறணும். முதல் அருவி இல்ல, ரெண்டாவது. எம்பேத்தி தினம் ஏறி இறங்குறா."

"அடேயப்பா. பொம்பளைப் பிள்ளை, தனியாவா?"

"காவலாளி ஒருத்தர் இருக்கார். மாசக் கடைசியில சம்பளம் வாங்கக் கீழ போவார், அப்ப மட்டும் பாறைப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க."

நீ எழுதினதையெல்லாம் நான் எப்படி நினைவில் வைத்திருக்கிறேன் பார். அவரே அசந்துபோனார். டீயை முழுக்கக் குடித்துவிட்டு, எழுந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை.

பாட்டி

*

ஜூன் 20

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் ஜூன் 6 கடிதம் நேற்று ஜீப்பில் வந்தது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், படி ஏறாதீர்கள். எனக்கு இருமல் போய்விட்டது.

பாட்டி, முதலில் ஒன்று. இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஸ்டூடியோவில் இருக்கிற படத்தை எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் மட்டும் வையுங்கள் என்றது கூச்சத்தால் இல்லை. விவரமாக எழுதாதது என் தப்பு.

இந்தப் பெரணிக்குக் கண்ணாடிப் பெரணி என்று பெயர். அவ்வளவு மெல்லிசு. ஓர் இலையை உங்கள் கடிதத்தின் மேல் வைத்தேன், அடியில் உங்கள் எழுத்து அப்படியே தெரிந்தது. அருவிச் சாரல் ஓயாமல் விழுந்தால்தான் உயிரோடு இருக்கும். கொஞ்சம் வெயில் பட்டால் நெருப்பில் காட்டின காகிதம் போல் சுருண்டுவிடும். இலைக்கு அடியில் விதை மாதிரி இருக்கிற தூளை எடுத்துக் கண்ணாடி அறையில் தட்டுகளில் தூவி வளர்க்கிறேன். இத்தனை காலத்தில் பச்சைப் பாசி போல ஒரு படலம் வந்திருக்கிறது. ஓர் இலைகூட இன்னும் வரவில்லை. அதனால் உயிரோடு இருப்பது அந்தப் பாறையில் இருப்பது மட்டும்தான்.

வேறு யாரிடமும் இல்லாத செடியைக் கண்ணாடிச் சாடியில் வைத்து அழகு பார்க்கிற பணக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தேடி அலைகிற ஆட்களும் இருக்கிறார்கள். இங்கே பாறைக்கு வழி தெரிந்தவர்கள் மூன்றே பேர்: டைரக்டர், நான், காவலாளி நெட்டையண்ணன். பாறை தெரியும்படி படம் எடுக்கக் கூடாது என்பது இங்கே விதி. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் என்று அண்ணன்தான் ஆபீஸ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாட்டி கேக்குறாங்கல்ல, வந்து நில்லும்மா. எத்தனை நாளைக்குத்தான் நெனப்பிலயே உன் மூஞ்சியப் பாப்பாங்க?" என்றார். வேறு இடத்தில் வெளிச்சம் போதவில்லை. ஒரு படம்தானே என்று நானும் நின்றுவிட்டேன்.

உடனே போங்கள் பாட்டி. எல்லாரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி

*

ஜூலை 3

கண்ணு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம்.

உன் கடிதம் கிடைத்த கையோடு போய்ப் படத்தை எடுக்க வைத்துவிட்டேன். அவர் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டுகிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் இனி வாயைத் திறக்க மாட்டேன். நீ ஒன்றும் கவலைப்படாதே.

நடுவில் நான் ஒரு கடிதம் போட்டேன். வந்ததா? வந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, பொழுது போகாமல் ஏதோ எழுதியிருப்பேன். வரவில்லை என்றால் தேட வேண்டாம். அதில் ஒன்றும் இல்லை.

அந்தக் காவலாளி மாசக் கடைசியில் சம்பளம் வாங்கக் கீழே போகிறாரே, அதை யாராவது மேலே கொண்டுவந்து கொடுக்கக் கூடாதா? பாவம் மனுஷன், மழையில் எதற்கு இறங்கி ஏற வேண்டும்? சும்மாதான் கேட்டேன்.

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. வெயில்தான் காரணம். சீக்கிரம் பதில் போடு. ஒரு வரி எழுதினாலும் போதும்.

பாட்டி

*

ஜூலை 16

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? ஜூலைக் கடிதம் கிடைத்தது. அதற்கு முந்தியது வரவில்லை. மழையில் ரோடு சரிந்து தபால் பைகள் எங்கெங்கோ போய்விட்டன.

பாறை போய்விட்டது பாட்டி. பாறை இருக்கிறது, அதன் மேல் இருந்தது போய்விட்டது. ஜூன் கடைசியில் நெட்டையண்ணன் சம்பளம் வாங்க இறங்கிப் போயிருந்தார். நல்ல மழை. நான் கண்ணாடி அறையில் தட்டுகளோடு இருந்தேன். மறுநாள் ஏறிப் போய்ப் பார்த்தால் ஆட்டைத் தோல் உரித்த மாதிரி இருந்தது. தகட்டுக் கரண்டியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுரண்டியிருக்கிறார்கள். கிழிந்து விழுந்ததெல்லாம் கீழே கறுத்துக் கிடந்தது. பொறுக்கிக்கொண்டு வந்து நீரில் போட்டேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

போலீஸ் வந்தது. அண்ணனை முற்றத்தில் நிற்க வைத்துக் கேட்டார்கள்.

"நீ கீழ போற நாள் திருடனுக்கு எப்படிய்யா தெரியும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்குறேன்."

"எதிர்க் கேள்வி கேக்குறியா?" என்று கன்னத்தில் அறைந்தார்கள். அவர் உயரத்துக்கு அந்தப் போலீஸ்காரர் எட்டித்தான் அடிக்க வேண்டியிருந்தது. வேறு சமயமாக இருந்தால் அண்ணனே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். டைரக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போட்டோ எடுத்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஸ்டூடியோவில் படத்தை யாராவது விசாரித்தார்களா? நினைவுபடுத்திப் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் பேத்தி

*

ஜூலை 29

கண்ணு,

உன் கடிதத்தை உன் அம்மாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் கண்ணில் நீர் கோத்துக்கொள்கிறது, எழுத்து நிற்கவில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரையும் தனக்கு நினைவிருக்காது என்கிறார்.

உன் நெட்டையண்ணனுக்குக் குடும்பம் இருக்கிறதா? பிள்ளைகள் பெரியவர்களா, சின்னவர்களா? அறைந்த இடத்தில் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொல். சில பேருக்கு அப்படி அறைந்தால் காது போய்விடும்.

அந்தப் பழைய கடிதம் இன்னும் வரவில்லைதானே?

வேறு விசேஷம் இல்லை.

பாட்டி

*

ஆகஸ்ட் 12

பாட்டிக்கு,

உங்கள் ஜூன் 17 கடிதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நேற்று வந்தது. படித்தேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

அதைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள். அப்பாவிடமும் வேண்டாம். நானும் பேசப் போவதில்லை. உங்களிடமும்தான்.

நெட்டையண்ணனை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாட்சி இல்லாததால் ஜெயிலில் போடவில்லை. குடியிருப்பைக் காலி பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். மனைவியும் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும் இருக்கிறார்கள். காது கேட்கிறது.

வெளிநாட்டில் ஆறு மாதம் பெரணி வளர்ப்புப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததும் வேலை நிரந்தரமாகும். தட்டுகளில் இருப்பதைப் பிழைக்க வைக்க வேண்டுமென்றால் அங்கே கற்றுக்கொண்டு வந்தால்தான் முடியும். என்னை எடுத்துவிட்டால் அதுவும் சாகும். அதையும் யோசித்துப் பாருங்கள்.

பயிற்சி விஷயத்தைத் தெருவில் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேத்தி

*

ஆகஸ்ட் 25

கண்ணு,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

பயிற்சி விஷயத்தைச் சொல்லச் சொன்னாய், வக்கீலம்மாவிடம் சொன்னேன். "பரவாயில்லையே, செடி ஆயாவை ஏரோப்ளேன்ல கூட்டிப் போறாங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ சொன்னபடி இன்னும் யாரிடமும் பேசவில்லை. ஸ்டூடியோக்காரர் என்னைக் கண்டால் இருட்டறைக்குள் போய்விடுகிறார். அவரும் பேசவில்லை. நாம் மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம், பேசக்கூடிய உன் நெட்டையண்ணனும் உன்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கிறார். அவர் எதற்காக அப்படி இருக்கிறார்? போட்டோ எடுத்ததைச் சொன்னால் உனக்குக் கெடுதல் என்றுதானே?

செடி சாகும் என்று எழுதியிருக்கிறாய். செடியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் எங்கே போவார்கள்? அவர் மனைவிக்குத் தையல் தெரியுமா? மகள் எந்த வகுப்பு? நீயே டைரக்டரிடம் போய்ச் சொன்னால் உன் பயிற்சியை அடியோடு நிறுத்திவிடுவார்களா, அல்லது அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடுவார்களா? நான் கேட்கத்தான் கேட்கிறேன். சொல் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பதில் போடு.

பாட்டி

*

செப்டம்பர் 14

பாட்டிக்கு,

நெட்டையண்ணன் இறந்துவிட்டார்.

குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கு முன்னால், யாரிடமும் சொல்லாமல் பாறைக்கு ஏறியிருக்கிறார். பிளவுக்கு உள்பக்கம், கை எட்டாத இடத்தில் ஒரு கொத்தாவது தப்பியிருக்கும், அதைக் காட்டினால் தன்னை நம்புவார்கள் என்று அதற்கு முன்பே மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பாசியில் கால் வழுக்கிவிட்டது. மறுநாள் ஓடையில் கண்டெடுத்தார்கள்.

பிளவுக்குள் நான் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மிச்சத்தையும் திருடப் போனவன் விழுந்து செத்தான் என்று டைரக்டர் எழுதிவிட்டார். அதனால் அவர் மனைவிக்குச் சேர வேண்டியது எதுவும் சேராது. அந்த அம்மா ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறார். யாரையும் திட்டவில்லை. நான் பக்கத்துக் கதவு வழியாகப் போய் வருகிறேன்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில் எழுத வேண்டாம். அடுத்த மாதம் பயிற்சிக்குக் கிளம்புகிறேன்.

பேத்தி

*

செப்டம்பர் 27

மரியாதைக்குரிய டைரக்டர் ஐயாவுக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உங்களிடம் பெரணிச் செடி பார்க்கிற பெண்ணின் பாட்டி நான். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது.

பாறைக்கு வழி சொன்னது உங்கள் காவலாளி இல்லை. நான். ஜூன் மாதம் ஒருவர் என் வீட்டுக்கு வந்து, என் பேரப்பிள்ளைகளின் பெருமையையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் இரும்புப் பாலம், ஓடை, இரண்டாவது அருவி எல்லாவற்றையும் சொன்னேன். காவலாளி மாசக் கடைசியில் இருக்க மாட்டார் என்பதையும் நான்தான் சொன்னேன். போலீஸ்காரர் அவரை அறைந்து கேட்டாரே ஒரு கேள்வி, அதற்குப் பதில் இதுதான்.

வந்தவர் தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி போட்டிருந்தார். இடது கையில் சுண்டுவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருந்தார். இந்த ஊர் ஸ்டூடியோக்காரரிடம் தன் விலாச அட்டையைக் கொடுத்திருக்கிறார். நான் போய்க் கேட்டேன். "பாட்டி, எனக்கு ரெண்டு பொண்ணுங்க. என்னை இதுல இழுக்காதீங்க" என்றார். "செத்துப்போனவருக்கும் ஒரு பொண்ணு இருக்குப்பா" என்றேன். அட்டையை எடுத்துக் காட்டினார். போலீஸ் கேட்டால் கொடுத்துவிடுவார்.

இத்துடன் என் வீட்டில் மாட்டியிருந்த படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். பாலத்தின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். ஸ்டூடியோவில் இருந்த காப்பியை அவர் கிழித்துப் போட்டுவிட்டாராம்.

என் பேத்திக்கு இதில் சம்பந்தம் இல்லை என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதினால் பொய். படத்தை அனுப்பியது அவள்தான். நான் செய்ததை ஆகஸ்ட் மாதமே தெரிந்துகொண்டாள். தெரிந்தும் உங்களிடம் சொல்லவில்லை. அவள் அப்பா, அதாவது என் மகன், "அம்மா, பேசாம இரு. பொண்ணு வாழ்க்கை போயிடும்" என்கிறான். காவலாளியின் மனைவி உங்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவளுக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். கண்ணாடி அறை வேலையிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள் ஐயா. அந்தத் தூள் அவள் கைக்குத்தான் பழகியிருக்கிறது.

இறந்தவரின் மனைவியைக் கூப்பிட்டு, நாலு பேர் முன்னால், உன் வீட்டுக்காரர் திருடர் இல்லை என்று சொல்லுங்கள். அறைந்ததும் நாலு பேர் முன்னால்தானே?

கும்பிட்டுக் கேட்டுக்கொள்ளும்,
காவலாளியைக் கொன்ற பாவி

*

டிசம்பர் 10

கண்ணு,

உனக்குச் சேர்க்கச் சொல்லி உன் தோழி விலாசத்துக்கு நான் போட்ட இரண்டு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்தன. மேலே "திருப்பி அனுப்பவும்" என்று எழுதியிருப்பது உன் கையெழுத்து. நடுக்கம் இல்லாமல், வரி கோணாமல் எழுதியிருக்கிறாய். உடம்பு தேவலை என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

உன் அண்ணன் லீவில் வந்திருக்கிறான். நீ இருக்கிற இடம் அவனுக்குத் தெரியும், கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். அதுவும் சரிதான், என்னிடம் சொல்லி வைக்கலாமா? இதை அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

டைரக்டர் எனக்குப் பதில் போட்டிருந்தார். அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். வீட்டில் வரிசையாகச் சாடிகள் இருந்தனவாம். எல்லாவற்றிலும் பெரணி கறுத்துப் போய் ஒட்டிக்கொண்டிருந்ததாம். விற்கக்கூட முடியவில்லை, அதற்குள் செத்துவிட்டது. ஒருத்தருக்கும் ஆகாமல் போனது. டைரக்டர் நெட்டையண்ணனின் மனைவியைக் கூப்பிட்டு, ஆபீஸ் ஆட்கள் எல்லாரையும் நிற்க வைத்து, உன் வீட்டுக்காரர் திருடர் இல்லை என்று சொன்னாராம். சேர வேண்டியதும் சேரும். அந்த அம்மா கேட்டுவிட்டு, "இதை அவர் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னாராம். அந்த வார்த்தை எனக்குத்தான். டைரக்டர் தனக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நீயும் உனக்கு என்று நினைப்பாய்.

உன்னை வேலையில் வைத்துக்கொள்ள முடியாது, பயிற்சிக்கும் அனுப்ப முடியாது என்றும் எழுதியிருந்தார். அது உனக்கு என்னைவிட முன்னாலேயே தெரியும்.

தெருவில் உன்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் மறைக்கவில்லை. வேலை போய்விட்டது, போனதற்கு என் வாய்தான் காரணம் என்கிறேன். வக்கீலம்மாவிடமும் சொன்னேன். அவர் ஏதாவது குத்திப் பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இப்போது உன்னிடம் கேட்பது ஒன்று. கண்ணாடி அறையில் இரண்டு தட்டு பூஞ்சை பிடித்துப் போய்விட்டதாம். மீதி இன்னும் பச்சையாக இருக்கிறதாம். எப்படித் தண்ணீர் தெளிப்பது, எப்போது மூடியைத் திறப்பது என்று கேட்டு டைரக்டர் உனக்கு எழுதியிருக்கிறார், நீ பதில் போடவில்லை. எனக்குப் போட வேண்டாம். அவருக்குப் போடு. உன்னை வேலையிலிருந்து எடுத்தவருக்கு எதற்கு என்று நினைக்காதே. என் மேல் இருக்கிற கோபத்தை அந்தத் தூள் மேல் காட்டாதே. உன் நெட்டையண்ணன் பிளவுக்குள் தேடிப் போனது இல்லாமல் போய்விட்டது. இருப்பது அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது.

உன் அத்தை மகள் சொந்தமாக ஒரு அறை எடுத்து நாற்காலி போட்டிருக்கிறாள். குட்டி வால் காலை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டிருக்கிறான், இந்த வருஷம் தாண்ட முடியாது. இதையெல்லாம் வேறு யாரிடமும் சொல்வதில்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்த உன் பெரிய படம் டைரக்டரிடம் போய்விட்டது. அது வழக்குக்கு வேண்டுமாம், திரும்பி வராது. கூடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பின்னால் மலை, மரம், தண்ணீர் ஒன்றும் வேண்டாம், வெறும் சுவர் போதும். எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரிய வேண்டாம். முகம் தெரிந்தால் போதும். கூடத்தில் மாட்ட மாட்டேன், என் பெட்டிக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கடிதம் எழுதப் பிடிக்கவில்லை என்றால் எழுதாதே. போட்டோவை மட்டும் உறைக்குள் போட்டுத் தபாலில் சேர்த்துவிடு.

பாட்டி